காருக்குப் புதுச் சில்லு



நம் நாட்டு மாட்டுவண்டிக்குச் சில்லுச் செய்த தச்சருக்கு ஒரு கவலை இருந்ததில்லை. குடத்தைக் கடைந்து, அதைச் சுற்றி ஆரக்கால்களை இறக்கி, வட்டையைப் பூட்டி, அதன்மேல் இரும்புப் பட்டத்தைக் காய்ச்சி ஏற்றிவிட்டால் சில்லு முடிந்தது. அச்சில் ஏற்றிக் கடையாணியைச் செருகினால் வண்டி புறப்பட்டுவிடும். அந்தச் சில்லின் உட்புறத்தில் வேறொன்றும் குடியிருக்கவில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமாயின் வண்டிக்காரன் நாணயக் கயிற்றை இழுத்தான், மாடு நின்றது, வண்டியும் நின்றது.

மோட்டார்க் காரின் சில்லு அத்தகையதன்று. வண்டி ஓடுவதற்குரிய உறுப்பாகிய அது, வண்டி நிற்பதற்குரிய உறுப்பாகிய பிறேக்கையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கின்றது. ஓட்டமும் நிறுத்தமும் ஒரே சிற்றறையில் வாழ்கின்றன. அந்த அறையில் இடம் போதாவிட்டால் என்ன நேரும்? காருக்கு அழகான புதுச் சில்லு பூட்ட விரும்புகின்ற ஒருவர் எவற்றை அளந்து பார்க்க வேண்டும்? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, ஆசிரியனாகி, இன்று மலைநாட்டில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராக இருப்பவன். ஆயினும் பழைய மினிக் கார் ஒன்று என்னிடம் இருக்கின்றது. கற்பிப்பவனையும் மாணவனாக்கிவிடும் ஆற்றல் பழைய கார்களுக்கு உண்டு. நான் கற்றுக்கொண்ட பாடத்தை, அதற்கு நான் கொடுத்த விலையோடு சேர்த்துச் சொல்லுகின்றேன்.

முதலில் மினியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் நெருக்கடி ஏற்பட்டபோது பிரித்தானியாவில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. குறைந்த எண்ணெயில் ஓடக்கூடிய சிறு கார் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. அப்பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்னும் வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டு வீதிகளிலே நெடுங்காலம் உழைத்த மொறிஸ் மைனர் காரை வடிவமைத்தவரும் அவரே. ஏறக்குறைய 10 அடி நீளத்துக்குள் நால்வர் வசதியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எஞ்சினைக் குறுக்காக வைத்தார். முன்சில்லுகளாலேயே காரை இழுக்கச் செய்தார். சில்லுகள் உள்ளிடத்தை விழுங்காதிருக்க அவற்றின் விட்டத்தை 10 அங்குலமாகக் குறைத்தார். 1959 ஓகஸ்ற் மாதத்தில் மினி வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்படும்வரை 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன.

சில்லைச் சிறிதாக்கியது ஒரு வகையில் வெற்றி. ஆனால் எந்த வெற்றிக்கும் ஒரு கடன் உண்டு. 10 அங்குலச் சில்லுக்குள் பெரிய பிறேக்கை வைக்க இயலாது. முதன்முதல் வந்த மினியில் நான்கு சில்லுகளிலும் 7 அங்குல ட்ரம் பிறேக்கே இருந்தது. 1961இல் வந்த மினி கூப்பரில் முன்சில்லுகளுக்கு 7 அங்குல டிஸ்க் பிறேக்கும், 1963இல் வந்த கூப்பர் எஸ் வகையில் 7½ அங்குல டிஸ்க்கும் பொருத்தப்பட்டன. 1974இல் 1275 ஜீ.ரி. என்னும் வகைக்கு 8.4 அங்குல டிஸ்க் வந்தபோது சில்லும் 12 அங்குலமாக வளர வேண்டியதாயிற்று. 1984இல் எல்லா மினிகளும் அந்த அளவுக்கு மாறின. பிறேக்கு வளர வளரச் சில்லும் வளர்ந்த கதை இது.

பிறேக்கு ஏன் வளர வேண்டும்? மலைநாட்டில் வாழ்பவர்களுக்கு இக்கேள்விக்கு விடை தெரியும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகின்றோம். நால்வர் ஏறிய மினியின் மொத்த நிறை 850 கிலோகிராம் என்று கொள்ளுங்கள். அந்த நிறை அத்தனை உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 35 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதிலே ஒரு பங்கைக் காற்றும், தாழ்ந்த கியரில் ஓடும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். மிகுதி முழுவதும் பிறேக்குகளில் வெப்பமாகச் சேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு அவ்வழியே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஏதோ கருகும் மணம் வந்தது. பின்னர் பிறேக்கை மிதித்தபோது கால் வழக்கத்திலும் ஆழமாகப் போயிற்று. கார் வழக்கத்திலும் தூரம் ஓடியே நின்றது. தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும் என்ற முதற்பாடத்தை நான் மறந்திருந்தேன் என்பது உண்மை. ஆயினும் ட்ரம் பிறேக்கின் குறையும் அதில் இருந்தது. ட்ரம் என்பது ஒரு பேணி போன்றது. அதன் உட்சுவரை நோக்கிப் பிறேக் சூக்கள் விரிந்து அழுத்துகின்றன. சூடேறியதும் பேணி விரிந்து சூக்களை விட்டு விலகுகின்றது. உராய்வுப் பூச்சும் தன் பிடியை இழக்கின்றது. மூடிய அறையாதலால் வெப்பம் வெளியேற வழியும் குறைவு. டிஸ்க் பிறேக்கில் வெளிப்படையாகச் சுழலும் ஒரு தட்டை இருபுறமும் பாட் என்னும் கட்டைகள் கவ்வுகின்றன. அக்கட்டைகளைத் தாங்கும் கவ்வியையே கலிப்பர் என்கின்றோம். தட்டின் இருபக்கமும் காற்றுப் படுவதால் வெப்பம் விரைவில் நீங்கும்.

தெருவோரத்தில் காரை நிறுத்திச் சூடு ஆறும்வரை காத்திருந்தபோது, பின்னாசனத்தில் இருந்த என் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். அன்றே முடிவு செய்தேன்: முன்பக்கத்துக்கு 8.4 அங்குல டிஸ்க் பிறேக்கு. அதற்கேற்ற புதுச் சில்லு.

இங்கேதான் நம் கணக்கு ஆரம்பமாகின்றது. 10 அங்குலச் சில்லு என்றால், ரயரின் விளிம்பு வந்து அமரும் இடத்தின் விட்டம் 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீற்றர். 8.4 அங்குலத் தட்டின் விட்டம் 213 மில்லிமீற்றர். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இரண்டாற் பிரித்தால், தட்டின் ஓரத்துக்கும் ரயர் அமரும் வட்டத்துக்கும் இடையே 20 மில்லிமீற்றரே எஞ்சும். இந்த 20 மில்லிமீற்றரும் நமக்கு வெறுமையாகக் கிடைப்பதில்லை. ரயரை ஏற்றி இறக்குவதற்காகச் சில்லின் வளையத்தின் நடுப்பகுதி பள்ளமாக உள்வாங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தின் ஆழமும் உலோகத்தின் தடிப்பும் போக எஞ்சிய இடத்திலேயே, தட்டின் ஓரத்தைத் தாண்டி நிற்கும் கலிப்பரின் முதுகு அடங்க வேண்டும். அடங்காது. ஆகவே 8.4 அங்குல டிஸ்க்குக்குப் பத்தங்குலச் சில்லு பொருந்தாது என்பதை ஒரு காசும் செலவிடாமல் காகிதத்திலேயே கண்டுகொள்ளலாம். 12 அங்குலச் சில்லில் அதே இடைவெளி 45 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகின்றது. பள்ளமும் உலோகமும் கலிப்பரும் போக ஏதோ சிறிது மிஞ்சும்.

நேயர்கள் பலர் இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகின்றனர். "12 அங்குலம் போதுமென்றால் எந்தப் பன்னிரண்டங்குலச் சில்லும் போதும்தானே?" என்று கேட்கின்றனர். போதாது. பிறேக்குக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு வகைப்படும். ஒன்று, கலிப்பரின் முதுகுக்கும் சில்லின் வளையத்துக்கும் இடையில் உள்ளது. மற்றது, கலிப்பரின் முகத்துக்கும் ஆரக்கால்களின் உட்புறத்துக்கும் இடையில் உள்ளது. முதலாவதைச் சில்லின் விட்டம் பெரும்பாலும் தீர்மானிக்கும். இரண்டாவதை விட்டம் தீர்மானிப்பதில்லை. ஆரக்காலின் வளைவே தீர்மானிக்கின்றது. சில சில்லுகளில் ஆரக்கால்கள் வெளிப்புறமாக வில்போல் வளைந்து கலிப்பருக்கு இடம் விடும். சிலவற்றில் அவை தட்டையாக, உட்புறம் தடித்து நிற்கும். ஒரே விட்டமும் ஒரே அகலமும் உடைய இரண்டு சில்லுகளில் ஒன்று தாராளமாக ஏற, மற்றது கலிப்பரில் முட்டி நிற்பது இதனாலேயே.

இன்னோர் அளவும் உண்டு. கார்க்காரர் அதை ஓஃப்செற் என்பர். சில்லு ஹப்போடு ஒட்டி இறுகும் முகத்துக்கும், வளையத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரமே ஓஃப்செற். பல சில்லுகளில் ஈ.ரீ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இவ்வளவு மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒட்டும் முகம் நடுக்கோட்டுக்கு வெளியே, தெருப்பக்கமாக, இருந்தால் அது நேர் எண். ஒரே மாதிரியான இரு சில்லுகளில் ஒன்றின் எண் 35, மற்றதன் எண் 30 என்றால், இரண்டாவது சில்லின் வளையமும் ரயரும் 5 மில்லிமீற்றர் தெருப்பக்கமாகத் தள்ளி நிற்கும். பொதுவாக ஆரக்கால்களும் அவ்வாறே தள்ளி நிற்குமாதலால் கலிப்பருக்கு இடம் கிடைக்கலாம். ஆனால் அவ்வாறு தள்ளும்போது ரயர் மட்காட்டை நெருங்கும். ஹப்பின் பேரிங்குகளின் மேல் வரும் பாரத்தின் போக்கும் மாறும். ஓரிடத்தில் எடுத்ததை மற்றோரிடத்தில் கொடுத்தே தீரவேண்டும்.

சில்லுக் கடைக்குப் போனபோது நான் கேட்ட முதல் வினா வேறு. சில்லைப் பிடிக்கும் நான்கு ஆணிகளின் மையங்களினூடாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு? மினிக்கு அது 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். யப்பானியச் சிறு கார்கள் பலவற்றுக்கு அது 100 மில்லிமீற்றர். "ஒன்றரை மில்லிமீற்றர்தானே சேர், வடிவாக ஏறும்" என்றார் கடையில் நின்ற இளைஞர். ஏறும் என்பது உண்மை. ஆணித்துளைகளில் சிறிது இளக்கம் இருப்பதால் சில்லு ஏறிவிடும். ஆனால் ஒவ்வோர் ஆணியும் 0.8 மில்லிமீற்றர் விலகி நிற்பதால், நட்டின் கூம்பு முனை அதற்குரிய குழியிற் சரியாக அமராது. இறுக்க இறுக்க ஆணி வளையும். ஓட ஓட நட்டு இளகும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணி இருந்தும் அது கோணலாக இருந்தால் தேர் முச்சாணுக்கு அப்பால் ஓடும். ஓடி, நாம் எதிர்பாராத இடத்தில் சாயும். அதுவே கூடிய ஆபத்து. நான்கு துளைச் சில்லில் இதை அளப்பது எளிது: எதிரெதிரான இரு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும்.

101.6 மில்லிமீற்றர் கொண்ட சில்லு ஒரு தொகுதி அங்கேயே இருந்தது. பழையது, ஆயினும் அழகானது. ரயர் பூட்டுமுன் ஒரு சில்லை மாத்திரம் இரவல் பெற்று, என் காரைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றேன். முதிர்ந்த அனுபவசாலியான அவர் என்னிடம், "சேர், உங்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் பொம்மை செய்கிற களி இருக்குமே, அதில் ஓர் உருண்டை கொண்டு வாருங்கள்" என்றார். எதற்கென்று விளங்காமல் கொண்டு போனேன்.

அவர் செய்த சோதனையை எவரும் செய்யலாம். கலிப்பரின் முதுகிலும் முகத்திலும், சில்லுக்கு மிக அண்மையில் வரக்கூடிய இடங்களில், களியைக் கட்டைவிரற் பருமனுக்கு ஒட்டினார். ரயரில்லாத சில்லை ஏற்றி நான்கு நட்டுகளையும் முறைப்படி இறுக்கினார். பின்னர் சில்லைக் கையால் மெல்ல ஒரு முழுச்சுற்றுச் சுற்றினார். சில்லைக் கழற்றியபோது களி நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தைக் கத்தியால் வெட்டி, எஞ்சிய தடிப்பை அளந்தார். எஞ்சிய தடிப்பே உண்மையான இடைவெளி. முதுகுப் பக்கத்தில் 5 மில்லிமீற்றர் இருந்தது. முகப் பக்கத்தில், ஆரக்காலுக்கு எதிரே, இரண்டு தபாலட்டைகளைச் சேர்த்து வைத்த தடிப்புக்கூட இல்லை.

"முட்டவில்லையே!" என்றேன் நான். "நிற்கும்போது முட்டவில்லை, சேர்" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடநூலே அடங்கியிருந்தது. கராச்சில் ஜாக்கின்மேல் நிற்கும் காரின் சில்லு ஓய்வெடுக்கும் சில்லு. தெருவில் வளைவொன்றிலே திரும்பும்போது காரின் பாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய, சில்லு சிறிது நெளிகின்றது. பேரிங்கிலுள்ள இளக்கம் அதைக் கூட்டுகின்றது. பிறேக்குச் சூடேறுகையில் உலோகம் விரிகின்றது. இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் பின்னமாக இருக்கலாம். ஆனால் இறக்கத்தில் ஒரு கூரிய வளைவைத் திரும்பும் அந்த ஒரே கணத்தில் மூன்றும் ஒன்றுசேர்ந்து வரும். எனவே குறைந்தது 3 மில்லிமீற்றர் இடைவெளியாவது வேண்டும் என்பது தொழிலறிந்தோர் வழக்கம். அதற்குமேல் இருந்தால் இன்னும் நன்று. சிறு கற்களும் சரளையும் நிறைந்த தெருக்களில் ஓடுபவர்கள், வளையத்துக்கும் கலிப்பருக்கும் நடுவே ஒரு கல் சிக்கினால் அது உளியாக மாறி வளையத்தைச் சுற்றிலும் கீறிவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே இன்னுமொரு நுட்பம் உண்டு. மினியின் கலிப்பர் அசையாமல் ஓரிடத்தில் நிற்பது. இக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றின் கலிப்பர் பக்கவாட்டில் நகரக்கூடியது. வெளிப்பக்கத்துப் பாட் புதிதாகத் தடித்திருக்கும்போது கலிப்பரின் முகம் ஆரக்காலுக்கு மிக அருகில் இருக்கும். பாட் தேயத் தேய அது உட்புறமாக விலகிப் போகும். தேய்ந்த பாட்டோடு அளந்து, "இடம் போதும்" என்று சில்லைப் பூட்டிய ஒருவர், பின்னொரு நாள் புதுப் பாட் போட்டதும் சில்லு சுழலாமல் நிற்பதைக் கண்டு திகைப்பார். அளப்பதானால் புதுப் பாட்டோடு அளக்க வேண்டும்.

போதாத இடைவெளியைக் கூட்டுவதற்குக் கடைக்காரர் எனக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். முதலாவது, கலிப்பரின் முகத்தைச் சிறிது அராவிவிடுவது. "கொஞ்சம் கிறைண்டர் பிடித்தால் சரி, சேர்" என்றார் அவர். நேயர்களே, இதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். பிறேக்கை மிதிக்கும்போது கலிப்பரின் உள்ளே எண்ணெய் பெரும் அழுத்தத்தோடு நிற்கின்றது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே அவ்வளவு உலோகம் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றது. ஆரக்காலின் உட்புறத்தை அராவுவதும் அத்தகையதே. வார்ப்புலோகத்தில் விழுந்த கீறல் வெடிப்புக்கு வித்தாகும்.

இரண்டாவது வழி, ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் தட்டை வைப்பது. இது செய்யத் தகாதது அன்று. ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியது. மினியின் சில்லாணி ⅜ அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்டது. நட்டு ஆணியின் விட்டத்தளவுக்காவது புரியில் ஏறிப் பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது 9 முழுச்சுற்றுகள். 5 மில்லிமீற்றர்த் தட்டொன்றை வைத்தால் ஏறக்குறைய 5 சுற்றுகளை இழந்துவிடுகின்றோம். ஆகவே நீளமான ஆணிகளை மாற்றாமல் ஸ்பேசர் வைப்பவர், நான்கு உயிர்களை நான்கு சுற்றுப் புரியிலே தொங்கவிடுகின்றார். வாஷர்களை அடுக்கி இடைவெளி உண்டாக்குவது அதனினும் கொடிது. அங்கே சில்லு ஹப்பின் முகத்தில் ஒட்டாமல் நான்கு சிறு திண்டுகளின்மேல் நிற்கின்றது.

நான் இரண்டையும் மறுத்துச் சில்லைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வழகான சில்லை விட்டு வந்ததில் வருத்தம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்று மாதங்களின் பின் ஆரக்கால் வெளிவளைந்த வேறொரு தொகுதி கிடைத்தது. களிச் சோதனையில் முகப்பக்கம் 4 மில்லிமீற்றர், முதுகுப்பக்கம் முன்போலவே 5 மில்லிமீற்றர். மெக்கானிக் தலையசைத்தார். ரயர் பூட்டி, சமநிலை பார்த்து, மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். இரண்டு கிலோமீற்றர் போகுமுன் முன்பக்கத்திலிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஓசை எழுந்தது. வேகம் கூடினால் ஓசையும் விரைந்தது. சிறிது நேரத்தில் அது தானாகவே நின்றுவிட்டது. நின்றதைக் கண்டு மகிழ்ந்தேன். அதுவே என் பேதைமை. மறுநாள் சமதரையில் சற்று வேகமாக ஓடியபோது ஸ்ரியரிங் கையிலே நடுங்கத் தொடங்கிற்று. கழற்றிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. சில்லின் சமநிலைக்காக ஒட்டுகின்ற ஈயக் கட்டிகளை, ரயர்க் கடையில் வேலை செய்தவர் வளையத்தின் உட்புறத்தில், கலிப்பரின் முதுகுக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தார். இடைவெளி 5 மில்லிமீற்றர். கட்டியும் அதன் பசைப்பட்டையும் சேர்ந்து ஏறக்குறைய அதே தடிப்பு. சுற்றுக்கு ஒருமுறை கலிப்பர் அதைத் தட்டித் தட்டி, இறுதியில் பிய்த்தெறிந்துவிட்டது. கலிப்பரின் முதுகில் பளபளவென்று ஒரு கீறல் இருந்தது. நல்லகாலமாக அது மேற்கீறல்தான்.

குற்றம் ரயர்க் கடைக்காரருடையதா? அவர் எல்லாச் சில்லுகளுக்கும் செய்வதையே இதற்கும் செய்தார். இந்தக் காரில் இடம் நெருக்கம் என்பதை அறிந்தவன் நான்; அதை அவரிடம் சொல்லாதவனும் நான். களிச் சோதனையின்போது ரயரும் இல்லை, ஈயமும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவனும் நானே. பின்னர் கலிப்பர் கடந்துசெல்லாத இடமாகப் பார்த்து, வளையத்தின் உள்விளிம்பை ஒட்டி ஈயத்தை வைக்கச் செய்தோம். காற்றடிக்கும் வால்வின் தண்டு கலிப்பரைத் தொடாமல் செல்கின்றதா என்பதையும் அன்று பார்த்துக்கொண்டோம். நெருக்கமான இடத்தில் எந்தச் சிறு பொருளும் சிறு பொருளன்று.

பிறேக்குக்கு இடம் கண்ட பின்னும் வேறு சில காரியங்கள் எஞ்சுகின்றன. அவற்றை விரைவாகச் சொல்லிவிடுகின்றேன். சில்லும் ரயரும் மாறும்போது வெளி விட்டமும் மாறும். 145 மில்லிமீற்றர் அகலமும், அதில் 80 வீத உயரமும் உள்ள பத்தங்குல ரயரின் வெளி விட்டம் 486 மில்லிமீற்றர். 165 மில்லிமீற்றர் அகலமும் 60 வீத உயரமும் உள்ள பன்னிரண்டங்குல ரயரின் வெளி விட்டம் ஏறக்குறைய 503 மில்லிமீற்றர். வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரை. வேகமானி 60 என்று காட்டும்போது கார் 62இல் ஓடும். இது பெரிய குற்றமன்று; ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரியரிங்கை இருபுறமும் முழுவதாகத் திருப்பியும், காரில் ஆட்களை ஏற்றியும், ரயர் மட்காட்டில் உரசுகின்றதா என்று பார்க்க வேண்டும். 1984இல் மினிக்கு 12 அங்குலச் சில்லு வந்தபோது மட்காட்டின் ஓரங்களுக்கும் அகலமான விளிம்பு சேர்க்கப்பட்டது காரணமின்றி அன்று.

பழைய இரும்புச் சில்லின் நட்டுகளை அலுமினியக் கலப்புச் சில்லுக்குப் பயன்படுத்தலாகாது. நட்டின் முனை கூம்பா, கோளமா, தட்டையா என்பதைப் பார்த்து, அச்சில்லின் குழிக்குப் பொருந்தும் வகையையே வாங்க வேண்டும். இறுக்கும்போது எதிரெதிராக, கைநூலில் கூறப்பட்ட அளவுக்கு, அளவுகாட்டும் சாவியால் இறுக்க வேண்டும். கலப்புலோகச் சில்லு புதிதாய்ப் பூட்டிய பின் சிறிது அமர்ந்துகொடுக்கும். ஆகையால் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதிப்பது கட்டாயம்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் புதுச் சில்லு பூட்டிய தம் காரை எனக்குக் காட்ட வந்தார். சில்லு கண்ணாடிபோல் மின்னியது. "எப்படி இருக்கிறது, சேர்?" என்று கேட்டார். "மிக வடிவாக இருக்கிறது, தம்பி. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் விழித்தார். அலுவலகத்துக்குள் அழைத்துச் சென்று, அலுமாரியிலிருந்து ஒரு களி உருண்டையை எடுத்துக் கொடுத்து, செய்ய வேண்டியதைச் சொன்னேன். அடுத்த வாரம் அவரே வந்து, பின்பக்கம் தாராளம் என்றும், முன்பக்கம் ஒரு மில்லிமீற்றர்தான் இருந்தது என்றும், சில்லை மாற்றிவிட்டதாகவும் சொன்னார். தேர்வில் முதற்பிரிவிற் சித்தியெய்தியதாக அவர் ஒருநாள் வந்து சொன்னபோதுகூட நான் அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை.

சில்லின் அழகு வெளியே தெரிவது, யாவரும் பாராட்டுவது. அதன் உட்புறத்தில் இருக்கும் 3 மில்லிமீற்றர் இடைவெளியை எவரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் மலையிறக்கத்தில், மழை பெய்யும் மாலையில், எதிரே திடீரென்று ஒரு பிள்ளை தெருவைக் கடக்கும்போது, நாமும் அப்பிள்ளையும் வீடு திரும்புவதற்கு வழி செய்வது அந்த வெற்றிடமே. வாங்குமுன் அளவுங்கள். பூட்டுமுன் களியை ஒட்டிப் பாருங்கள். புதிதாக ஓர் ஓசை கேட்டால், அது நின்றுவிட்டதென்று மகிழாமல், ஏன் நின்றது என்று இறங்கிப் பாருங்கள்.